நெடுவழியில் நேரும் இறப்பு

கொல்கத்தாவிலிருந்து அமிர்தசரஸ் வரை செல்லும் கிராண்ட் டிரங்க் சாலையில் சுமை ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டுநர், பல நாட்கள் வீட்டைப் பிரிந்திருப்பவர். வழியில் அவருக்கு இறப்பு நேர்ந்தால் குடும்பத்தின் கதி யாது?

இவ்வினாவிற்குச் சட்டத்தின் விடைகள் படிப்படியாகவே வந்தன. 1923-இல் இயற்றப்பெற்ற தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம், வேலையினால் நேர்ந்த விபத்தில் மாண்டவரைச் சார்ந்து வாழ்ந்தோர்க்கு ஈட்டுத்தொகை உண்டு என்றது. அச்சட்டப்படி அத்தொகையை முதலாளி கமிஷனரிடமே செலுத்த வேண்டியிருந்தது. துயரில் ஆழ்ந்த மனைவியின் வாயைச் சிறு தொகை கொடுத்து அடைத்துவிட இயலாதிருந்தது. 1938-ஆம் ஆண்டின் இன்ஷூரன்ஸ் சட்டம், ஆயுள் பாலிசி எடுத்தவர் தமக்குப் பின் பணம் பெறுவோரின் பெயரை முன்னரே குறித்துவைக்க வழி செய்தது. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒவ்வொரு வண்டியிலும் முதலுதவிப் பெட்டி வேண்டுமென விதித்தது. எனினும், ஐவருக்குக் குறைந்த தொழிலாளரை உடைய நிறுவனங்களுக்கு அது தானாகப் பொருந்தவில்லை. ஓரிரு லாரிகளை மட்டுமே உடையோர் மிகுந்த நம் நாட்டில் இது பெருங்குறையாயிற்று.

ஈட்டுத்தொகை கோருவதற்கு 1923-ஆம் ஆண்டுச் சட்டம் கால வரம்பும் விதித்தது. கணவர் யாரிடம் வேலை பார்த்தார் என்பதையே அறியாத மனைவி அதனை எங்ஙனம் கோருவார்? ஆதலின் முதலாளியின் முகவரி வீட்டிலும், வீட்டின் முகவரி உடன் செல்லும் கிளீனரிடமும் இருத்தல் நன்று. சட்டம் தந்த உரிமை குடும்பத்தின் கைக்கு வந்து சேர இச்சிறு முன்னேற்பாடு இன்றியமையாதது.