வெயில் மரமும் புதுப்பித்தலும்: தொண்டைநாட்டுச் சான்றுகள் சில

சென்னையினின்று திருப்பெரும்பூதூர் செல்லும் பெருவழியில் தண்டலம் என்னும் ஊர் உளது. தண்டலை என்பது சோலையைக் குறிக்கும் பழஞ்சொல். தொண்டைநாட்டில் இப்பெயர் தாங்கிய ஊர்கள் பல; அவற்றை அச்சொல்லொடு தொடர்புறுத்திக் காண்டல் பொருந்தும் என்பது எம் கருத்து. சோலைப் பெயர் பூண்ட இவ்வூர்ப் புறத்தில், இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் ஈறாக, இன்று தொழிற்சாலைகளே மிக்குள்ளன. அயல்நாட்டிலிருந்து வரும் பொறிகளைப் பொதிந்துவரும் பைன்மரப் பெட்டிகள் பிரிக்கப்பட்டு, விசிப்பலகைகளும் நாற்காலிகளுமாக மாறுகின்றன. வெளிமுற்றத்தில் இரண்டு மழைக்காலம் கிடந்தபின் அவை சாம்பல்நிறம் எய்தும். எய்தியதும் தடித்த எனாமலைப் பூசி மூடுவர்; அன்றேல் விறகாக்குவர். இவ்விரண்டின் வேறாய வழியொன்று தமிழ்த் தச்சரிடம் இருந்தது. அதனைச் சில சான்றுகள் கொண்டு ஈண்டு நோக்குவோம்.

மரம் அழியும் பொருள். ஆதலின் அதற்கு வரலாறில்லை என்று கருதுவார் உளர். கல்லையும் செம்பையுமே சான்றாகக் கொள்ளும் வழக்கம் இக்கருத்தை வளர்த்துவிட்டது. பழம் பாட்டுகளோ வேறு கூறுகின்றன. ஒரே நாளில் எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன் ஒரு திங்கள் முயன்று ஒரு சக்கரத்தை மட்டும் செய்தாற்போன்றவன் அதியமான் என்று ஔவையார் புறநானூற்று 87ஆம் பாட்டிற் கூறுகின்றார். வீரத்தைச் சொல்லவந்த உவமையே ஆயினும், தொழில்நுட்பச் செய்தியொன்று அதனுள் அடங்கியிருக்கின்றது. சேற்றையும் நீரையும் பாரத்தையும் ஒருசேரத் தாங்குவது சக்கரம். அதன்கண் செலவிடும் காலம் வீண்காலம் ஆகாது என்பதைப் புலவரும் கேட்போரும் அறிந்திருந்தனர். அவரே 102ஆம் பாட்டில், உப்பு வணிகர் வண்டியின் அடிமரத்திற் கட்டிய சேம அச்சினை உவமையாக்குகின்றார். அச்சு முறியும் என்பது முன்னரே எண்ணப்பட்டது. முறிந்த உறுப்பை மாற்றுதற்கு வேண்டுவது வண்டியோடேயே சென்றது. தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையோ உமணர் சகடத்தின் உருளையையும் பாரையும் விரித்துரைத்து, அதன் மேற்புறம் ஆரைப் புல்லால் வேயப்பட்டிருந்தமையையும் கூறுகின்றது. காஞ்சிக்குச் செல்லும் வழியிற் கண்ட காட்சி அது. தண்டலமும் காஞ்சியின் சுற்றுப்புறத்தது என்பதை நினைவு கூர்க.

மேலே வேய்தல், உறுப்பை மாற்றுதல் என்னும் இவ்விரண்டுடன் எண்ணெய் ஊட்டுதலையும் சேர்த்துப் பிற்காலக் கோயில் தேரில் முழுமையாகக் காண்கிறோம். ஆண்டில் சில நாளே ஓடி, எஞ்சிய நாளெல்லாம் தெருவில் நிற்கும் தேர், வெயிலும் மழையும் படும் மரப்பொருள்களுள் தலையாயது. இலுப்பை, வேங்கை, தேக்கு முதலிய மரங்களாற் செய்யப்படுவது. உறுப்புகளைக் கழுந்தும் துளையுமாகப் பொருத்துதலால் ஒன்றைக் கழற்றி வேறொன்றை இடலாம். திருவிழா முடிந்ததும் கீற்றால் மறைப்பர். இந்நாளில் தகரக் கொட்டகை அவ்விடத்தைப் பெற்றுள்ளது. இலுப்பை எண்ணெயும் வேப்பெண்ணெயும் ஊட்டுவர். பூசுதல் வேறு, ஊட்டுதல் வேறு. பூசியது புறத்தே நிற்கும்; ஊட்டியது உட்சென்று கலக்கும். பாதத்திற்குச் செம்பஞ்சு ஊட்டுதல் என்னும் வழக்கை நோக்கினால் இவ்வேறுபாடு விளங்கும்.

மரம் ஏன் நரைக்கின்றது? மரநாரைப் பிணைத்து நிறுத்தும் லிக்னின் என்னும் பொருளை ஞாயிற்றின் புறஊதாக் கதிர் சிதைக்கின்றது. சிதைந்ததை மழை கழுவிச் செல்ல, வெளுத்த நார் மேலே எஞ்சுகின்றது; அதன்மேற் படரும் நுண்காளான் கருமை சேர்க்கின்றது. இது மிக மெல்லிய படலமே. மென்மரங்களிற்கூட இவ்வாறு தேய்வது நூறாண்டுக்கு ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் என்பர் மரவியலார். எனவே நரைத்த பலகை கெட்ட பலகை அன்று. கெட்டதா என்பதைக் கூரிய ஊசியாற் குத்தி அறியலாம்: ஊசி எளிதில் இறங்கினால் அங்கே மரம் மக்கிவிட்டது. மரத்தின் ஈரம் அதன் உலர்நிறையில் 20 விழுக்காட்டுக்குக் கீழ் நிற்குமளவும் மக்கச்செய்யும் காளான் வளராது. ஈரம் பெரிதும் நுழைவது பலகையின் முகத்தில் அன்று. அறுத்த முனையிலும் மூட்டுவாயிலுமே. தேரின் அடியுறுப்புகளும் விசிப்பலகையின் காலடியும் முதலிற் கெடுதற்கு இதுவே காரணம்.

தடித்த பூச்சின் குறை இங்குதான் வெளிப்படும். மரம் ஈரத்தால் விரிந்தும் வெயிலால் சுருங்கியும் அசையும்போது பூச்சு மூட்டுவாயில் வெடிக்கும். அவ்வழி புகுந்த நீர் வெளியேறவியலாது தங்கும். மேலே பளபளப்பு நிற்க, உள்ளே மரம் இறும். சிற்பத் தேர்களில் வண்ணத்தின் மேல் வண்ணம் ஏற்றி உளிநுட்பத்தை மறைத்தமை கண்டு யாம் வருந்தியதுண்டு. மறைந்தது அழகு மட்டுமன்று, பழுதும் கூட. பூச்சு முற்றும் தீதென்பது எம் கருத்தன்று. ஆண்டுதோறும் வெடிப்பை அடைத்துப் பேணுவார்க்கு அதுவே வெயிலைத் தடுப்பதில் வல்லது. பேணாது விடுவார்க்கே அது பகை.

எண்ணெய்களுள்ளும் வேறுபாடு உண்டு. வேப்பெண்ணெயும் இலுப்பை எண்ணெயும் காற்றில் உலர்ந்து இறுகுவன அல்ல. பூச்சியைத் தடுக்கும், நீரை ஓரளவு விலக்கும், ஆயின் மழையில் கரைந்துபோம். ஆகவே ஆண்டுதோறும் ஊட்டல் வேண்டும். ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள உயிர்வளியை ஏற்று இறுகும். அதனைத் துடைத்த துணியைச் சுருட்டி வைத்தால் தானே சூடேறித் தீப்பற்றும்; தச்சர் இதனை மறத்தலாகாது. முந்திரிக்கொட்டை எண்ணெய் கருமையும் உறுதியும் தருவது, தோலைப் புண்ணாக்குவது. நிறமற்ற எண்ணெய் எதுவும் கதிரைத் தடுக்காது. செங்காவியைக் கலந்தால் அதிலுள்ள இரும்புத்துகள் தடுக்கும். காவி பூசும் வழக்கத்தை நிறவிருப்பு என்று மட்டும் கொள்ளுதல் போதாது.

மரம் காத்தலுக்கு வேறொரு முகமும் காஞ்சியில் உண்டு. வரதராசப் பெருமாள் கோயிலின் அனந்தசரசில் நீருள் இருக்கும் அத்திவரதர் 1939, 1979, 2019 ஆம் ஆண்டுகளில் வெளிக்கொணரப்பட்டார். 2019இல் 48 நாள் காட்சி நிகழ்ந்தது. அத்தி மரம் வெளியில் நெடுநாள் நிற்பதன்று. ஆயினும் நீரடியிற் காற்று இன்மையால் காளான் வளர்தற்கு இடமில்லை. அடியார் கூற்று வேறு, மரவியலார் கூற்று வேறு. இரண்டும் ஈண்டு மாறுபடுவன அல்ல. முற்றும் நனைதலும் முற்றும் உலர்தலும் மரத்துக்கு நன்று. நனைந்து உலர்ந்து நனைதலே தீது.

உறுப்பை மாற்றிக்கொண்டே சென்றால் அது பழைய பொருள்தானோ என்னும் ஐயம் எழும். தீசியசின் கப்பற் பலகைகளை ஏதென்சு நகரத்தார் ஒவ்வொன்றாக மாற்றியமை பற்றி மெய்யியலார் வாதிட்டதைப் புளூட்டார்க்கு குறித்துள்ளார். சப்பானியர் இசே கோயிலை இருபதாண்டுக்கு ஒருமுறை புதிதாகவே கட்டுகின்றனர். 2013இல் நிகழ்ந்தது 62ஆம் முறை. நம் திருவாரூர் ஆழித்தேர் நெடுங்காலம் நின்றிருந்து 1970இல் மீண்டும் ஓடியபோது, திருச்சிப் பாரதமிகு மின்நிறுவனத்தின் இரும்பு அச்சும் தடையும் அதற்குத் துணையாயின. மரபு கெட்டது என்றாரும் இருக்கலாம். சேம அச்சைக் கட்டிச்சென்ற உமணர் அங்ஙனம் கூறியிரார். எமக்குக் குறையாகப் படுவது பிறிதொன்று: எவ்வுறுப்பு எவ்வாண்டில், எம்மரத்தால் மாற்றப்பட்டது என்பதை எழுதிவைக்கும் ஒழுங்கு நம்மிடம் போதாது. கழற்றிய சிற்பப் பலகை விறகாய்ப் போகுமாயின் வரலாறும் அதனுடன் எரியும்.

தண்டலத்து விசிப்பலகைக்கு மீள்வோம். பொதிபெட்டி மரத்தின்மேற் கதிர்க்குறி போன்ற முத்திரை இருக்கும். 2002இல் வகுத்த அனைத்துலக நெறிப்படி, மரத்தின் நடுவிலும் 56 பாகை வெப்பம் 30 நிமிடம் நிற்கச் சூடேற்றியமைக்கு அது சான்றாகலாம். உள்ளிருந்த பூச்சி மடிந்தது என்பதே அதன் பொருள். மழையைத் தாங்கும் என்பதன்று. பைன் தேக்கும் அன்று, இலுப்பையும் அன்று. ஆதலின் அதனை நாரோட்டத்தின் வழியே தேய்த்துக் கழுவி, நிழலில் உலர்த்தி, உப்புத்தாளால் நரையை நீக்கி, காவி சேர்த்த எண்ணெயை மெல்லிதாக இருமுறை ஊட்டி, மிகுந்ததைத் துடைத்துவிடல் வேண்டும். அறுத்த முனைகளுக்கு மும்முறை. காலடியில் ஒரு கல். நெகிழித்தாளால் இறுகப் பொதியாது, காற்றோடும் கூரைக்கீழ் வைத்தல் நன்று. ஆணி அறைந்த கால்கள் முதலிற் போகும். அப்போது கழுந்திட்டு வேங்கைக் காலொன்றைப் பொருத்தலாம்.