தூத்துக்குடி துப்பாக்கிச் சூடு: காவலரின் சுடுதிறனும் சட்டத்தின் வரம்பும்

காவலர்களுக்குத் துப்பாக்கிப் பயிற்சி போதவில்லை, அதனால்தான் கூட்டங்களைக் கலைக்கும்போது உயிர்ச்சேதம் நேர்கிறது என்ற விளக்கம் ஒவ்வொரு துப்பாக்கிச் சூட்டுக்குப் பின்னும் முன்வைக்கப்படுகிறது. பயிற்சியை உயர்த்த வேண்டும் என்ற பரிந்துரையோடு விவாதம் முடிந்துவிடுகிறது. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் நடந்தது இந்த விளக்கத்திற்குள் அடங்காது. அங்கே சுடத் தெரியாதவர்களின் கைத்தவறுதலால் மக்கள் சாகவில்லை. சுடத் தெரிந்தவர்கள் யாரை, எப்போது, எந்த வரம்புக்குள் சுடலாம் என்ற விதிகளைப் பொருட்படுத்தாததால் செத்தார்கள்.

நடந்தது என்ன?

ஸ்டெர்லைட் தாமிர உருக்காலையை மூடக் கோரிய போராட்டத்தின் நூறாம் நாளன்று, மீனவர்களும் வணிகர்களும் கூலித் தொழிலாளர்களும் மாணவர்களும் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நோக்கி ஊர்வலமாகச் சென்றனர். அன்றும் மறுநாளும் காவல்துறை சுட்டதில் 13 பேர் உயிரிழந்தனர். நூற்றுக்கு மேற்பட்டோர் காயமடைந்தனர். கொல்லப்பட்டவர்களுள் 17 வயது மாணவி ஒருவரும் இருந்தார். ஆட்சியர் அலுவலகத்திலிருந்து வெகு தொலைவில், முத்துக்குளிப்பும் சங்குகுளிப்பும் மீன்பிடியும் வளர்த்த திரேஸ்புரத்தில், தன் வீட்டுக்கு அருகே ஒரு பெண் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள் அண்ணா நகரில் ஓர் இளைஞர் பலியானார்.

உயிரையும் உடைமையையும் காக்கவே சுட நேர்ந்தது என்று அரசு கூறியது. ஆனால், உடற்கூறாய்வு அறிக்கைகளை ஆராய்ந்து ராய்ட்டர்ஸ் நிறுவனம் 2018 டிசம்பரில் வெளியிட்ட செய்தியின்படி, குண்டுபட்டு இறந்த 13 பேரில் 12 பேர் தலையிலோ மார்பிலோ சுடப்பட்டிருந்தனர்; அவர்களில் பாதிப்பேர் பின்புறமிருந்து சுடப்பட்டிருந்தனர். தாக்க வருபவர் முதுகைக் காட்டி வருவதில்லை. கூட்டத்தைக் கலைக்க இடுப்புக்குக் கீழே குறிவைப்பதே காவல்துறை ஏற்றுக்கொண்ட நடைமுறை. அந்த நடைமுறை எந்த அளவு கைவிடப்பட்டது என்பதை இந்தக் காயங்களே காட்டுகின்றன.

ஆணையம் கண்டறிந்தவை

ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் தலைமையிலான விசாரணை ஆணையம் தன் இறுதி அறிக்கையை 2022 மே மாதம் அளித்தது. அதே ஆண்டு அக்டோபர் 18 அன்று அது சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. முறையான எச்சரிக்கை இல்லை, கண்ணீர்ப்புகை, தடியடி, வானை நோக்கிச் சுடுதல் என்ற படிநிலைகள் முறையாகப் பின்பற்றப்படவில்லை, மறைவிடங்களில் இருந்துகொண்டு தப்பியோடியவர்களைச் சுட்டனர் என்பன அதன் முக்கிய முடிவுகள். காவல்துறைத் தலைவர் நிலை அதிகாரி முதல் காவலர்கள் வரை 17 பேர் மீதும், அன்றைய மாவட்ட ஆட்சியர் மீதும், வருவாய்த்துறை அலுவலர்கள் மூவர் மீதும் நடவடிக்கை எடுக்க ஆணையம் பரிந்துரைத்தது. இறந்தோர் குடும்பத்துக்கு ஏற்கெனவே தரப்பட்ட 20 லட்சத்தையும் சேர்த்து 50 லட்சம் ரூபாய் வழங்கவும் கூறியது.

நம் விவாதத்திற்கு மிக இன்றியமையாத செய்தி ஒன்று அந்த அறிக்கையில் உள்ளது. சுடுவதில் தேர்ந்தவரான ஒரே காவலர் பல இடங்களில் பயன்படுத்தப்பட்டு, அவர் மட்டும் 17 முறை சுட்டிருக்கிறார். திறமை குறைவு என்ற வாதம் இதனோடு முடிந்துபோகிறது. கட்டுப்பாடற்ற படையில் குறி தவறாத கை பாதுகாப்பைக் கூட்டுவதில்லை, சாவைக் கூட்டுகிறது.

நான்கு பாதுகாப்பு விதிகள்

துப்பாக்கியைக் கையாளும் எவருக்கும் உலகெங்கும் முதல் நாளே கற்பிக்கப்படும் விதிகள் நான்கு. எந்தத் துப்பாக்கியையும் குண்டு நிரப்பியதாகவே கருத வேண்டும். அழிக்க விரும்பாத எதன்மீதும் குழல்முனையைத் திருப்பக் கூடாது. சுட முடிவு செய்யும்வரை விசைவில்லில் விரல் படக் கூடாது. இலக்கு எது, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை உறுதிசெய்ய வேண்டும்.

நான்காம் விதி மக்கள் கூட்டத்தில் பின்பற்ற இயலாதது. காவல்துறை பயன்படுத்தும் 7.62 மி.மீ. தானியங்கு நிரப்புத் துப்பாக்கி போர்க்களத்திற்கென உருவானது. நொடிக்கு 800 மீட்டருக்கும் மேலான வேகத்தில் செல்லும் அதன் குண்டு, ஓர் உடலைத் துளைத்து அடுத்தவரையும் கொல்லக்கூடியது. ஓடும் கூட்டத்தில் இலக்குக்குப் பின்னால் எப்போதும் இன்னொரு மனிதர் இருக்கிறார்.

மூடிய பயிற்சித் தளத்திலேயே இவ்விதி தவறினால் என்ன நேரும் என்பதைப் புதுக்கோட்டை மாவட்டம் காட்டியது. 2021 டிசம்பர் 30 அன்று நார்த்தாமலை அருகே, பசுமலைப்பட்டி துப்பாக்கி சுடும் தளத்தில் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினர் பயிற்சி செய்தபோது, தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. சில நாள்களில் அவன் இறந்தான். தாளில் வரைந்த வட்டத்தைச் சுடும்போதே இந்நிலை என்றால், கடைவீதியிலும் குடியிருப்பிலும் சுடுவதை எவ்வாறு ஏற்பது?

தலித் மக்களின் அனுபவம்

தூத்துக்குடியில் இறந்தோர் பல சாதிகளையும் மதங்களையும் சேர்ந்த உழைக்கும் மக்கள். அதனால்தான் நாடு முழுவதும் அதிர்ந்தது. இக்கரையை ஒட்டிய மாவட்டங்களின் தலித் மக்களுக்கோ அந்த அதிர்ச்சி புதிதல்ல. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்திற்குள் நூற்றுக்கணக்கான காவலர்கள் புகுந்து வீடுகளையும் உடைமைகளையும் சூறையாடினர். 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நடந்த ஊர்வலத்தைக் காவல்துறை தடியால் தாக்கி விரட்டியதில் 17 பேர் தாமிரபரணியில் மாண்டனர். அதாவது, துப்பாக்கியை மட்டும் முறைப்படுத்தினால் போதாது.

2011 செப்டம்பர் 11 அன்று, இம்மானுவேல் சேகரன் நினைவு நாளில், பரமக்குடியில் காவல்துறை சுட்டது. குறைந்தது ஆறு தலித்துகள் உயிரிழந்தனர். அஞ்சலி செலுத்தப் புறப்பட்ட ஜான் பாண்டியனைத் தூத்துக்குடி மாவட்டம் வல்லநாட்டில் தடுத்துக் காவலில் வைத்ததே அன்றைய பதற்றத்தின் தொடக்கம். காவல்துறையினர் துப்பாக்கி சுடப் பயிலும் தளம் அமைந்திருப்பதும் அதே வல்லநாட்டில்தான். பரமக்குடியை விசாரித்த நீதிபதி சம்பத் ஆணையம் துப்பாக்கிச் சூட்டை நியாயம் என்றது. பரமக்குடியில் பொறுப்பு வரையறுக்கப்பட்டிருந்தால், ஏழு ஆண்டுகளுக்குப் பின் தூத்துக்குடியில் ஆணையிட்டவர்கள் ஒருமுறையேனும் தயங்கியிருப்பார்கள்.

சட்டம் சொல்வதும் சொல்லாததும்

சட்டவிரோதக் கூட்டத்தைக் கலைக்கும் அதிகாரம் அப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 129 முதல் 132 வரையிலான பிரிவுகளில் இருந்தது. இன்று அவை பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 148 முதல் 151 வரையிலான பிரிவுகளாகத் தொடர்கின்றன. ஆயுதப்படை அழைக்கப்பட்டால்கூட இயன்றவரை குறைந்த விசையையும் குறைந்த காயத்தையும் மட்டுமே ஏற்படுத்த வேண்டும் என்கிறது சட்டம். மறுபுறம், இப்பிரிவுகளின் கீழ்ச் செயல்பட்ட அதிகாரிகள் மீது அரசின் முன் அனுமதியின்றி வழக்குத் தொடர முடியாது என்றும் அதே சட்டம் காப்பளிக்கிறது. வரம்பு எழுத்தில் இருக்கிறது; காப்பு நடைமுறையில் இருக்கிறது.

1990இல் ஹவானாவில் கூடிய ஐ.நா. மாநாடு ஏற்ற அடிப்படைக் கோட்பாடுகள், உயிரைக் காக்க வேறு வழியே இல்லாதபோது மட்டுமே உயிர்பறிக்கும் நோக்கில் சுடலாம் என்கின்றன. சுடுபவர் தம்மை அடையாளப்படுத்தி, தெளிவாக எச்சரிக்க வேண்டும் என்கின்றன. தூத்துக்குடியிலோ சீருடையின்றி வாகனத்தின் மேலேறிக் குறிபார்த்த காவலரை நாடே ஒளிப்படத்தில் பார்த்தது.

மே 2018க்குப் பின் ஆலை மூடப்பட்டது. அதை எதிர்த்த வேதாந்தாவின் மேல்முறையீட்டை 2024 பிப்ரவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. உயிர்களுக்கான நீதி அவ்வாறு நகரவில்லை. 2018 ஆகஸ்டில் வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றப்பட்டது. அதன் குற்றப்பத்திரிகையில் காவல்துறையினரில் ஓர் ஆய்வாளர் பெயர் மட்டுமே இடம்பெற்றது. ஆணையம் சுட்டியவர்கள் 17 பேர்.

கேட்க வேண்டிய கேள்விகள்

காவல்துறை சுடும் ஒவ்வொரு நிகழ்விலும் செயற்பாட்டாளர்கள் முதல் சில நாள்களிலேயே கேட்க வேண்டியவை சில உண்டு. சுட ஆணையிட்டவர் யார், அவர் அந்நேரம் அவ்விடத்தில் இருந்தாரா? தூத்துக்குடியில் துணை வட்டாட்சியர் நிலை அலுவலர்களே ஆணையிட்டதாக முதல் தகவல் அறிக்கைகள் கூறியதை நினைவில் கொள்க. ஆயுதக் கிடங்குப் பதிவேட்டின்படி எந்தத் துப்பாக்கி யாரிடம் தரப்பட்டது? எத்தனை குண்டுகள் சென்றன, எத்தனை திரும்பின, வெற்றுத் தோட்டாக்கள் எங்கே? உடற்கூறாய்வு காணொளியில் பதிவானதா, குண்டு நுழைந்த வழியும் வெளியேறிய வழியும் குறிக்கப்பட்டனவா? துப்பாக்கிகள் தடயவியல் ஆய்வுக்கு ஒப்படைக்கப்பட்டனவா? மோதல் சாவுகளுக்கு உச்ச நீதிமன்றம் 2014இல் வகுத்த 16 நெறிமுறைகள், சுட்டவர்களின் ஆயுதங்களை ஒப்படைப்பதையும் சார்பற்ற விசாரணையையும் கட்டாயமாக்கியுள்ளன. அதே அளவுகோலைக் கூட்டத்தின் மீது சுடும் நிகழ்வுகளுக்கும் கோருவது நியாயமே.

பயிற்சி வேண்டாம் என்பதல்ல நம் வாதம். எப்படிச் சுடுவது என்பதோடு பயிற்சி முடிந்துவிடக் கூடாது. பேச்சுவார்த்தை, காத்திருத்தல், பின்வாங்குதல், சட்டவிரோத ஆணையை மறுத்தல் ஆகியவையும் பாடமாக வேண்டும். சுட்டவருக்கும் ஆணையிட்டவருக்கும் தண்டனை உறுதி என்ற நிலை வராதவரை, வல்லநாட்டுத் தளத்தில் எய்தும் ஒவ்வொரு நற்குறியும் திரேஸ்புரத்துத் தெருவில் நிற்பவருக்கு அச்சமாகவே இருக்கும்.