கடற்பனித் தடிமன் அளவீடு

துருவக் கடல்களில் நீர் உறைந்து மிதக்கும் பனிக்கட்டியின் மேற்பரப்புக்கும் அடிப்பரப்புக்கும் இடைப்பட்ட கனத்தை அளக்கும் முறைகள் இப்பெயரால் குறிக்கப்படுகின்றன. கடற்பனி எவ்வளவு பரப்பில் விரிந்துள்ளது என்பதை வானிலிருந்தே காணலாம். மொத்தப் பனியின் கனஅளவை அறியத் தடிமனும் தெரிய வேண்டும். மிதக்கும் பனியில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு நீருக்குள் மறைந்திருப்பதால் அது எளிதன்று.

தொடக்கத்தில் பனியைத் துளைத்து, அளவுகோலை இறக்கி அளந்தனர். துருவப் பயணங்களில் கிடைத்த இத்தகைய அளவுகளைக் கொண்டு, குளிருக்கேற்பப் பனி தடிக்கும் விதத்தை ஆஸ்திரிய இயற்பியலாளர் யோசெஃப் ஸ்டெஃபான் 1891இல் கோட்பாடாக வகுத்தார். 1893–96இல் ஃபிராம் கப்பலைப் பனியில் உறையவிட்டு ஆர்க்டிக்கில் மிதந்து சென்ற நான்சென் குழுவினரும் பனியைத் துளைத்து அளந்தனர். துளையிடல் இன்றும் நம்பகமான முறை. ஆனால் ஒரு துளை ஓர் இடத்தின் அளவையே தரும்.

1958இல் அமெரிக்க அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலான நாட்டிலஸ் வட துருவத்தைப் பனிக்கு அடியில் கடந்தது. மேல்நோக்கிய சோனார், பனியின் அடிப்பகுதி நீருக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியுள்ளது என்பதை வழிநெடுகப் பதிவு செய்தது. இவ்வகைக் கடற்படைப் பதிவுகளை ஒப்பிட்ட டி. ஏ. ரோத்ராக் குழுவினர், 1958–76 காலத்தில் கோடை இறுதியில் சராசரியாக 3.1 மீட்டராக இருந்த அந்த ஆழம் 1990களில் 1.8 மீட்டராகச் சுருங்கியதை 1999இல் வெளியிட்டனர். 1990 முதல் ஃபிராம் நீரிணையில் கடலடியில் நங்கூரமிட்ட சோனார்களும் அளந்துவருகின்றன.

பனியைவிடக் கடல்நீர் மின்சாரத்தை நன்கு கடத்தும். இவ்வேறுபாட்டைப் பயன்படுத்தி, ஹெலிகாப்டரில் தொங்கவிடப்படும் மின்காந்தக் கருவி, பனிக்கு அடியிலுள்ள நீர்மட்டத்தின் தொலைவை அறிகிறது. மேற்பரப்பின் தொலைவை லேசர் அளக்கிறது. இரண்டின் வேறுபாடே பனியும் அதன்மேல் படிந்த வெண்பனியும் சேர்ந்த தடிமன்.

ஐரோப்பாவின் ஈஆர்எஸ் செயற்கைக்கோள்களின் ரேடார் பதிவுகளிலிருந்து ஆர்க்டிக் பனியின் தடிமனைக் கணித்து சீமோர் லாக்சன் குழுவினர் 2003இல் வெளியிட்டனர். பனி நீர்மட்டத்துக்கு மேல் நிற்கும் உயரத்தை அளந்து, அடர்த்தி வேறுபாட்டைக் கொண்டு முழுத் தடிமனைக் கணிப்பது இம்முறை. உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் பிழை, தடிமனில் ஏறத்தாழப் பத்து சென்டிமீட்டராகப் பெருகும். 2010இல் ஏவப்பட்ட கிரையோசாட்-2 ரேடாரையும், 2018இல் ஏவப்பட்ட ஐஸ்சாட்-2 லேசரையும் பயன்படுத்துகின்றன.

பனியின்மேல் படியும் வெண்பனியே கணக்கீட்டின் முதன்மைச் சிக்கல். அதன் ஆழத்துக்கு, 1954–91இல் சோவியத் மிதவை நிலையங்கள் திரட்டிய சராசரிகளையே ஆய்வாளர்கள் நெடுங்காலம் நம்பியிருந்தனர். அண்டார்க்டிக்கில் வெண்பனியின் பாரம் பல இடங்களில் பனிக்கட்டியை நீர்மட்டத்துக்குக் கீழே அழுத்திவிடுவதால் கணிப்பு மேலும் கடினமாகிறது. லேசர் வெண்பனியின் மேற்பரப்பிலேயே எதிரொளிக்கும். ரேடார் அதனுள் ஊடுருவும். ஆகவே இரு செயற்கைக்கோள்களும் ஒரே பாதையை அடுத்தடுத்து அளந்து, வெண்பனியின் ஆழத்தைக் கணிக்க உதவும் வகையில், 2020இல் கிரையோசாட்-2இன் சுற்றுப்பாதை மாற்றியமைக்கப்பட்டது.