ஆட்டம் முடிஞ்சிச்சா?



போன வாரம் ஒரு பழைய மாணவன் வீட்டுக்குப் போயிருந்தேன். ஆரணிப் பட்டு நெய்கிறவன். தறியில் உட்கார்ந்திருந்தான். வாசலில் நின்று இரண்டு முறை பேர் சொல்லிக் கூப்பிட்டேன், திரும்பவில்லை. அவன் மனைவி போய்த் தோளைத் தொட்ட பிறகுதான் காதில் இருந்ததை எடுத்தான். "மன்னிச்சிடுங்க சார், பாட்டு கேட்டுக்கிட்டே நெய்யறேன்" என்றான். அந்தப் பெண்ணும் ஒரு காதில் மாட்டிக்கொண்டுதான் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். அவன் கேட்டது பழைய பாட்டு, அவள் கேட்டது ஏதோ கதை.

'அந்தக் காலத்தில் ஊரே சேர்ந்து ஒரே ரேடியோ கேட்டது, இன்று வீட்டுக்குள்ளேயே ஆளுக்கொன்று' என்று ஒரு பதிவு எழுதலாம் என நினைத்துக்கொண்டே வீடு வந்தேன். எழுத உட்கார்ந்ததும் அம்மா ஞாபகம் வந்துவிட்டது. அதனால் பதிவு வேறு பக்கம் போய்விட்டது.

முதலில் கொஞ்சம் சரித்திரம். வாத்தியார் புத்தி, வருஷம் சொல்லாமல் விடாது.

நம் மாநிலத்தில் ரேடியோ 1924-இல் வந்தது. கிருஷ்ணசாமி செட்டி என்பவரும் நண்பர்களும் சேர்ந்து சென்னையில் ஒரு ரேடியோ கிளப் தொடங்கினார்கள். பணம் இல்லாமல் 1927-இல் அது நின்றது. பிறகு சென்னை மாநகராட்சி எடுத்துக்கொண்டு 1930 முதல் ஒலிபரப்பியது. ரேடியோ வாங்க வசதியில்லாத ஜனங்களுக்காகக் கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். 1938 ஜூன் 16-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், அடுத்த வருஷம் திருச்சி நிலையமும் வந்தன. ஆக, நம் ஊர்ப்பக்கம் ரேடியோ என்பது ஆரம்பத்திலிருந்தே பொது இடத்தில் கூடிக் கேட்கும் பொருள்.

கிராமங்களுக்கு அது பஞ்சாயத்து ரேடியோவாக வந்து சேர்ந்தது. அதன் பலம் சாதாரணமில்லை. 1960-களில் தஞ்சாவூர்ப் பக்கம் ஏ.டி.டி.27 என்ற புது நெல் ரகம் திருச்சி வானொலியின் விவசாய நிகழ்ச்சி மூலமாகவே பரவியது. ஜனங்கள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பேர் வைத்துவிட்டார்கள்.

எங்கள் தெருமுனையிலும் சாயங்காலம் கூட்டம் கூடும். செய்தி, விவசாயம், பாட்டு. யார் எங்கே உட்காருவார்கள் என்று இன்றும் என்னால் படம் போட்டுக் காட்ட முடியும். பெரியவர்கள் திண்ணையில், பையன்கள் தரையில். காலனியிலிருந்து வருகிறவர்கள் வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் நின்றே கேட்பார்கள். பெண்கள் வரவே மாட்டார்கள். 'ஊரே கேட்டது' என்று இத்தனை வருஷம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அந்த ஊரில் யார் யார் இருந்தார்கள் என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை.

பிறகு டிரான்சிஸ்டர் வந்தது. எங்கள் வீட்டிலும் ஒன்று வாங்கினோம். அதற்கு லைசென்ஸ் உண்டு. வருஷா வருஷம் போஸ்ட் ஆபீசில் பணம் கட்ட வேண்டும். இந்தக் காலப் பிள்ளைகளிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். 1980-களின் நடுவில்தான் அதை எடுத்தார்கள்.

அம்மா ஊடைக்குத் தார் சுற்றுவார். கையும் கண்ணும் நூலில் இருக்கும். காது மட்டும் சும்மா இருக்கும். அந்தக் காதுக்கு வாய்த்தது இலங்கை வானொலி. 1952-இல் மத்திய அமைச்சராக வந்த கேஸ்கர், சினிமாப் பாட்டு வேண்டாம் என்று நம் வானொலியில் குறைத்துவிட்டார். தேசமே கொழும்புக்குக் காதைத் திருப்பியது. 1957-இல் விவித பாரதி வந்தும் இலங்கை மோகம் எங்கள் பக்கம் குறையவில்லை. மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீது குரல்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் இதைப் படிப்பவர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். அம்மாவுக்கு ராஜேஸ்வரி சண்முகத்தின் குரல் என்றால் உயிர். "நம்ம வூட்டுப் பொண்ணு பேசற மாதிரி இருக்குது" என்பார்.

1975 பொங்கல் சமயம் சேப்பாக்கத்தில் வெஸ்ட் இண்டீசுடன் டெஸ்ட். ஜனவரி 11, முதல் நாள். ராபர்ட்ஸ் விக்கெட்டாகச் சாய்க்க, விசுவநாத் கடைசிவரை ஆட்டமிழக்காமல் 97. நம் அணி மொத்தமே 190. டிரான்சிஸ்டரை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போனவன்தான். சிநேகிதர்கள் சூழ, ஐந்து நாளும் அது என் கையில். 100 ரன்னில் ஜெயித்தோம்.

கடைசி நாள் சாயங்காலம் அம்மா உள்ளேயிருந்து கேட்டார்: "ஆட்டம் முடிஞ்சிச்சாடா?"

"ஜெயிச்சிட்டோம்மா!" என்று கத்தினேன். அம்மாவுக்கும் கிரிக்கெட்டில் ஆசை வந்துவிட்டது என்று நினைத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ராட்டைச் சத்தம் மட்டும் கேட்டது. ரேடியோ திரும்பி வருமா என்றுதான் அவர் கேட்டிருக்கிறார். இது எனக்கு உறைத்தது அவர் போய்ப் பல வருஷம் கழித்து. ஐந்து நாள் அந்த இருட்டு அறையில் அவருக்குத் துணை ஒன்றுமில்லை.

டி.வி. வந்தும் அவருக்குப் பயனில்லை. 1975 ஆகஸ்டில் சென்னைத் தூர்தர்ஷன், 1993-இல் சன் டி.வி., 2006 முதல் அரசு கொடுத்த இலவச கலர் டி.வி. என்று வரிசையாக வந்தன. டி.வி.க்குக் கண் வேண்டும். இழை அறுந்தால் தெரியாமல் போகும். அதனால்தான் பல தறிவீடுகளில் ரேடியோ வெகுநாள் நின்றது. இன்று செல்போன் வந்து மறுபடியும் காதுக்கே வேலை கொடுத்திருக்கிறது.

அதனால் அந்த மாணவன் வீட்டுக் காட்சியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பெண் தார் சுற்றிக்கொண்டே தனக்குப் பிடித்த கதையைக் கேட்கிறாள். யாரும் பிடுங்கிக்கொண்டு திண்ணைக்குப் போக முடியாது. என் அம்மாவுக்குக் கிடைக்காத வசதி அது.

ஒரு குறை மட்டும் உண்டு. அவள் என்ன கதை கேட்கிறாள் என்று அவனிடம் கேட்டேன். "தெரியலையே சார்" என்றான். நான் மட்டும் என்ன, ஒரே ரேடியோ இருந்த வீட்டிலேயே அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று தெரியாமல் இருந்தவன்தானே.

உங்களுக்கு வீட்டுப்பாடம் ஒன்றுதான். இன்று ராத்திரி சாப்பிடும்போது வீட்டில் இருப்பவர்களிடம், "இன்னைக்கு என்ன கேட்ட?" என்று கேளுங்கள். பதில் சொல்லி முடிக்கும்வரை காதைக் கொடுங்கள்.

அப்படியே, உங்கள் வீட்டு ரேடியோ யார் கையில் இருந்தது என்று கீழே எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.