வியன்னாவில் இளகிய எலும்புகள்

முதல் உலகப் போர் 1918-இல் ஓய்ந்தது. வியன்னாவில் பசி ஓயவில்லை. ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசு சிதறியதும் நகருக்குப் பாலும் வெண்ணெயும் வந்த வழிகள் அடைபட்டன. இடுப்பும் விலாவும் தொடையும் வலிக்கின்றன என்று மருத்துவமனைக்கு வந்தவர்களில் வயதான ஏழைப் பெண்களே அதிகம். படியேற முடியாமல், இருபுறமும் சாய்ந்து சாய்ந்து நடந்தார்கள். மருத்துவர்கள் அதைப் பசி ஆஸ்டியோமலேசியா என்றார்கள். புதிதாக உருவாகும் எலும்பில் சுண்ணாம்புச் சத்து படியாமல் எலும்பு இளகிவிடும் நோய் அது. வளரும் பிள்ளைகளுக்கு வந்தால் ரிக்கெட்ஸ், கால்கள் வளைந்துபோகும்.

1919-இல் லண்டன் லிஸ்டர் நிறுவனத்திலிருந்து ஹாரியட் சிக் என்ற ஆய்வாளர், மருத்துவர் எல்சி டேலியலுடன் வியன்னா வந்தார். பெரியவர்களுக்குக் காட் லிவர் ஆயில் என்ற மீன் ஈரல் எண்ணெயைக் கொடுத்துப் பார்த்தார்கள். வலி குறைந்தது, நடை தேறியது.

குழந்தைகள் மருத்துவமனையின் தலைவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்கேவோ ரிக்கெட்ஸைத் தொற்றுநோய் என்று கருதியவர். நம்பிக்கை இல்லாதபோதும் தன் வார்டுகளை ஆய்வுக்குத் திறந்துவிட்டார். அந்தப் பெருந்தன்மை இல்லாமல் அவருடைய வார்டுகளில் அந்த ஆய்வு நடந்திருக்காது.

காரணம் உணவா, ஒளியா என்ற வழக்கு அப்போது சூடாக இருந்தது. லண்டனில் எட்வர்ட் மெல்லன்பி நாய்க்குட்டிகளின் ரிக்கெட்ஸைக் காட் லிவர் ஆயிலால் தடுத்துக் காட்டியிருந்தார். பெர்லினில் குர்ட் ஹுல்ட்சின்ஸ்கி பாதரச விளக்கின் புறஊதா ஒளியால் பிள்ளைகளைக் குணப்படுத்தியிருந்தார். ஒரு கையில் மட்டும் ஒளியைப் பாய்ச்சினாலும் மறு கையின் எலும்பும் தேறியது.

வியன்னா வார்டில் இரண்டும் அருகருகே சோதிக்கப்பட்டன. வழக்கமான உணவு மட்டும் உண்ட குழந்தைகள் சிலருக்குக் குளிர்காலத்தில் நோய் வந்தது. எண்ணெயும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு வரவில்லை. கோடையில் யாருக்குமே வரவில்லை. நோய் கண்ட குழந்தைகளை எண்ணெயும் குணப்படுத்தியது, விளக்கும் குணப்படுத்தியது, வெயிலும் குணப்படுத்தியது. எக்ஸ்ரே படங்கள் அதற்குச் சாட்சி.

இரு தரப்பும் சரியே என்பதன் காரணம் படிப்படியாக விளங்கியது. 1922-இல் அமெரிக்க ஆய்வாளர் மெக்கல்லம் எண்ணெயில் இருந்த, ரிக்கெட்ஸைத் தடுக்கும் சத்தை வைட்டமின் ஏ-யிலிருந்து பிரித்தறிந்தார். அதுவே வைட்டமின் டி. வெயில் படும்போது அதைத் தோலே உண்டாக்கிக்கொள்கிறது. குடல் சுண்ணாம்புச் சத்தை உறிஞ்ச அது வேண்டும். ஸ்டெரால்கள் என்ற கொழுப்பு வகைப் பொருட்கள் வைட்டமின்களோடு கொண்ட தொடர்பை ஆராய்ந்த அடால்ஃப் விண்டாவுஸ் 1928-இல் நோபல் பரிசு பெற்றார்.

இன்றும் ஆஸ்டியோமலேசியாவின் எலும்பு வலியை வாதம் என்றோ வயதுக் கோளாறு என்றோ கடந்துபோகிறவர்கள் உண்டு. ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி குறைபாடு தெரிந்தால் மருத்துவர் சொல்லும் அளவில் வைட்டமின் டி-யும் தேவைப்பட்டால் கால்சியமும் எடுக்க வேண்டும். வலி சில வாரங்களில் குறையத் தொடங்கலாம். எலும்பு முழுதாக இறுகப் பல மாதங்கள் பிடிக்கும் என்பதால் மருந்தை நடுவில் நிறுத்தக் கூடாது.