"நாங்கள் படிக்கேக்க ஃபான் இருந்ததே?"

வகுப்பறைக்கு ஃபான் வாங்கக் காசு சேர்ப்பது வடமராட்சியில் புதினமில்லை. தை மாதம் வகுப்புத் தொடங்கும். மாசியில் பெற்றோர் கூட்டம். வெயில் ஏறமுதல் ஃபானைத் திருத்தவேணும், இல்லாட்டில் புதிது பூட்டவேணும் என்று யாரோ ஓர் அம்மா எழும்பிச் சொல்லுவா. "பிள்ளை வீட்ட வந்தா தலையிடி எண்டு சாப்பிடாமப் படுக்குது" என்பா. கொஞ்ச நேரம் எல்லாரும் தலையாட்டுவார்கள். பிறகு பின்வரிசையில் இருந்து ஒரு ஐயா கேட்பார்: "நாங்கள் படிக்கேக்க ஃபான் இருந்ததே? நாங்கள் படிக்கேல்லையே?"

கூட்டம் அதோடு அடங்கிவிடும். அம்மா இருந்துவிடுவா. எங்கட ஊரில் மட்டுமில்லை, யாழ்ப்பாணத்தில் எந்த ஊரிலும் இந்தக் கேள்விக்கு இந்த மரியாதைதான். ஆனால் நாங்கள் இதை ஒரு வரலாற்றுக் கேள்வியாகவே எடுத்துக்கொள்ளப் போகிறோம். ஐயா படிக்கேக்க ஃபான் இல்லைத்தான். அப்ப வேறு என்ன இருந்தது?

வல்வெட்டித்துறை காற்றை வைத்துப் பிழைத்த ஊர். பாய்க்கப்பல் கட்டி இந்தியக் கரைகளுக்கும் பர்மாவுக்கும் ஓடிய ஊர். 1938இல் அன்னபூரணி அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரை போய்ச்சேர்ந்த ஊர். கார்த்திகை முதல் மாசி வரை கடல் பக்கமிருந்து வாடை. வைகாசிக்குப் பிறகு தென்மேற்கிலிருந்து சோளகம். இரண்டுக்கும் நடுவில் பங்குனி, சித்திரையில் காற்று விழுந்துவிடும். அந்த நேரம் பார்த்துத்தான் சூரியனும் சரியாக எங்கட தலைக்கு மேல் வரும், சித்திரை நடுப்பகுதியில். கடலோடிகள் அந்த இடைவெளியை நன்றாக அறிவார்கள். வீடு கட்டிய மேசன்மாரும் அறிவார்கள்.

ஆகவே பழைய பள்ளிக்கூடக் கட்டடங்களைப் பாருங்கள், மிச்சம் இருக்கிற இடங்களில். உயர்ந்த முகடு. கடல் வழியாக வந்த மங்களூர் ஓடு, கள்ளிக்கோட்டை ஓடு. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையில் இருக்கிற நீக்கலால் சூடான காற்று மேலே ஏறி வெளியேறும். அரைச்சுவர், அதற்கு மேலே திறந்த வெளி அல்லது கம்பி வலை. சுவரில் வெயில் நேரே விழாமல் நீண்ட தாழ்வாரம். முற்றத்தில் வேம்பு. இவை அழகுக்காகச் செய்தவை இல்லை. குளிரூட்டும் இயந்திரம் செய்யிற வேலையில் ஒரு பங்கைக் கட்டடமே செய்தது. நேரமும் வேறு. காலையில் ஒரு பகுதி, மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பாடு, பின்னேரம் மறுபகுதி என்று படித்ததை அம்மம்மாமார் இன்றைக்கும் சொல்வார்கள். இப்போது ஏழரைக்குத் தொடங்கி ஒன்றரை வரை ஒரே இழுவை. வெக்கை உச்சத்துக்கு வருகிற கடைசி இரண்டு பாடங்களும் அதற்குள்தான்.

ஐயாவின் கேள்விக்கு முதல் பதில் இதுதான்: ஃபான் இருக்கவில்லை, கூரை இருந்தது.

ஆனால் இதைச் சொல்லிவிட்டு, அந்தக் காலம் பொற்காலம் என்று நாங்கள் போகத் தயாரில்லை. அந்தக் கூரையின் கீழ் யார் இருந்தது என்றும் கேட்கவேணும். எங்கட ஊர்ப் பள்ளிகளின் பெயர்களிலேயே கதை இருக்கிறது. 1896இல் தொடங்கிய சிதம்பரா கல்லூரி, சிவகுரு வித்தியாசாலை, அமெரிக்க மிஷன் பாடசாலை, றோமன் கத்தோலிக்கப் பாடசாலை. மிஷன்காரரும் அவர்களுக்குப் போட்டியாகச் சைவர்களும் கட்டிய கட்டடங்கள். 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியதில் இருந்து வந்த போட்டி அது. பிடியரிசி சேர்த்துப் பள்ளி நடத்திய கதையைச் சொல்லி ஊர்கள் பெருமைப்படும். பெருமைப்படத்தான் வேணும். ஆனால் அதே யாழ்ப்பாணத்தில், ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் வாங்கில் இருக்கக்கூடாது, நிலத்தில் இருக்கவேணும், இல்லாட்டில் வெளியில் நிற்கவேணும் என்ற நடைமுறையும் இருந்தது. 1920களின் இறுதியில் அரசு சம ஆசனம் கொடுக்கச் சொன்னபோது, கொடுத்த பள்ளிக்கூடங்கள் சில எரிக்கப்பட்டன. ஓலைக் கூரை எரிய அதிக நேரம் எடுக்காது. வெயில் எல்லாருக்கும் ஒன்றுதான் என்று சொல்கிறவர்கள், தாழ்வாரத்துக்கு வெளியே நின்று பாடம் கேட்ட பிள்ளைகளை ஒருக்கால் நினைத்துப் பார்க்கட்டும்.

ஓலைக் கூரை குளிர்ச்சி, ஆனால் பயமும் கூட. 2004 ஜூலை 16 கும்பகோணத்தில் ஓலைக் கூரையில் தீ பிடித்து 94 குழந்தைகள் இறந்தார்கள். அதற்குப் பிறகு தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கூரைக் கொட்டகைகள் அகற்றப்பட்டன. சரியான முடிவு. பழைய கூரைக்குத் திரும்பிப் போவோம் என்று நாங்கள் எழுதவில்லை. ஒரு கூரையை மாற்றுகிறபோது எது போகிறது, எது வருகிறது, அதை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதுதான் எங்கட கவலை.

அந்தத் 'தீர்மானிக்கிறவர்' மாறியது 1960இல். அதுவரை உதவி பெறும் பாடசாலைகளில் ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுத்தது. கட்டடம் மிஷனுடையது, இல்லாவிட்டால் இந்து போர்ட் போன்ற சபைகளுடையது, இல்லாவிட்டால் ஊர் மனேச்சருடையது. 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்த பிறகும் இதே அமைப்புத்தான். சிறிமாவோ பண்டாரநாயக்கா அரசு 1960, 1961இல் இரண்டு சட்டங்கள் கொண்டுவந்து பெரும்பாலான பள்ளிகளைப் பொறுப்பேற்றது. மதத்தின் பிடியிலிருந்தும், மனேச்சர்மாரின் சாதி விருப்பு வெறுப்பிலிருந்தும் பள்ளிகளை வெளியே எடுத்த வகையில் அது நல்லது என்றே நாங்கள் நினைக்கிறோம். ஆனால் ஒரு சில்லறை விஷயம் அதோடு தொலைந்துபோனது. ஓடு உடைந்தால் யாரிடம் போவது என்பது அதுவரை ஊருக்குத் தெரிந்திருந்தது. மனேச்சரின் வீட்டு வாசலில் போய் நிற்கலாம், ஏசலாம். இனிமேல் ஒரு கடிதம் எழுதி, அதற்குப் பதில் வரும் வரை மழையையும் வெயிலையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று.

பிறகு 1987இல் 13ஆம் திருத்தம். தேசியப் பாடசாலைகள் மத்திய அமைச்சுக்கு, மிச்சம் மாகாணத்துக்கு. வட மாகாணசபைக்கு முதல் தேர்தல் நடந்ததே 2013இல். அந்தச் சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது. அதற்குப் பிறகு வந்த ஆண்டுகள் ஆளுநரோடும் அதிகாரிகளோடும்தான் போயின. ஓட்டுக்கு யாரிடம் போவது என்ற பழைய கேள்வி இப்போது இன்னும் சிக்கல். அதிபர் வலயத்தைக் காட்டுவார், வலயம் மாகாணத் திணைக்களத்தைக் காட்டும், திணைக்களம் ஒதுக்கீட்டைக் காட்டும். வாக்குக் கேட்டு வந்த ஒருவரைப் பிடித்து நிறுத்திக் கேட்கிறதுக்கு அந்தச் சங்கிலியில் ஆளில்லை.

"நாங்கள் படிக்கேக்க" என்று சொல்பவர்களில் இன்றைக்கு ஐம்பது வயதுக்குக் கிட்ட இருப்பவர்கள் வேறொரு தலைமுறை. அவர்கள் படித்தது மின்சாரமே இல்லாத யாழ்ப்பாணத்தில். 1990இல் மின்சாரம் நின்றது. சீமெந்து தடை, எரிபொருள் தடை, பற்றரி தடை. ஜாம் போத்தலில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டுப் படித்த காலம். அதற்கு முன்பே 1987 மே மாத வடமராட்சி இராணுவ நடவடிக்கை, 1989 ஓகஸ்டில் இந்திய இராணுவம் ஐம்பதுக்கும் மேற்பட்ட பொதுமக்களைக் கொன்ற வல்வைப் படுகொலை. 1995 ஒக்ரோபரில் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது தென்மராட்சியிலும் வடமராட்சியிலும் பாடசாலைகளில்தான் சனம் தங்கியது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகும் அப்படியே. ஒரு வகுப்பறைக்குள் நாலைந்து குடும்பம் சமைத்துச் சாப்பிட்டுப் படுத்த கட்டடம் அதற்குப் பிறகு பழைய கட்டடமாக இருக்காது. திருத்தச் சீமெந்தும் இல்லை. அந்தத் தலைமுறை ஃபான் இல்லாமல் படித்தது அவர்களின் வைராக்கியம்தான், நாங்கள் குறைக்கவில்லை. ஆனால் அது ஒரு தடையின் விளைவு. தடையை ஒழுக்கமாக்கி அடுத்த தலைமுறைக்கு விதிப்பது என்ன நியாயம்?

யுத்தம் முடிந்த பிறகு கட்டடங்கள் வந்தன. வேகமாக வந்தன. ஓட்டுக்கு மரம் வேணும், மரவேலை தெரிந்த தச்சன் வேணும், நேரம் வேணும். சீற்றுக்கு நாலு கம்பியும் ரெண்டு நாளும் போதும். அப்படித்தான் அஸ்பெஸ்ரஸ் சீற்றும் தகர சீற்றும் ஏறின. மெல்லிய சீற் வெயிலை வாங்கி நேரே கீழே இருக்கிற தலைகளுக்கு வீசும். முகடும் பதிவு. நீக்கல் இல்லை. இதற்குக் கீழே ஃபானைப் போட்டால் மேலே தேங்கி நிற்கிற சூட்டைத்தான் அது கீழே அடிக்கும். "ஃபான் போட்டா இன்னும் அவியுது சேர்" என்று பொடியள் சொல்வது பகிடி இல்லை.

அஸ்பெஸ்ரஸ் கதையில் ஒரு திருப்பம் இருக்கு. அதன் தூசு நுரையீரலுக்கு ஆபத்து என்று இலங்கை அரசு 2018இலிருந்து இறக்குமதியைக் கட்டுப்படுத்த முடிவெடுத்திருந்தது. எங்களுக்கு அஸ்பெஸ்ரஸ் விற்கிற நாடுகளில் முக்கியமானது ரஷ்யா. 2017 டிசம்பரில், ஒரு பொதியில் வண்டு கண்டோம் என்று ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. சில நாளிலேயே இலங்கை தன் அஸ்பெஸ்ரஸ் முடிவைப் பின்போட்டது. தேயிலை திரும்பவும் போனது. தேயிலைக்கும் வண்டுக்கும் வடமராட்சி வகுப்பறைக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால், இதுதான் தொடர்பு.

இனி ஃபான். ஃபான் வாங்குவது ஒருமுறைச் செலவு. அதைச் சுத்த வைப்பது மாதாமாதம். 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரி 75 சதவீதம் ஏறியது. 2023 பெப்ரவரியில் அதற்கு மேல் இன்னொரு 66 சதவீதம். அதற்கு முன் 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்ததையும் மறக்கவில்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கணக்கில் மின்கட்டணம் பெரிய வரியாக வந்துவிட்டது. கடல் தொழிலுக்குப் போகிற குடும்பம், மண்ணெண்ணெய் விலையோடும் இழுபடுகிற குடும்பம், இந்தக் காசையும் கொடுக்கவேணும். கொடுக்க முடியாத பிள்ளையின் பெயர் வகுப்பில் வாசிக்கப்பட்ட கதைகளை நாங்கள் கேள்விப்பட்டிருக்கிறோம். பாடசாலைப் பெயர் இங்கே வேண்டாம். ஒரு பாடசாலையின் பிழையாக அது சுருங்கிவிடக்கூடாது.

படிப்புக்கும் வெக்கைக்கும் தொடர்பு இருக்கா, சும்மா சொல்லுறியளோ என்று கேட்பவர்களுக்கு: 2020இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, இலட்சக்கணக்கான மாணவர்களின் பரீட்சைப் புள்ளிகளை வெப்பநிலையோடு வைத்துப் பார்த்தது. குளிரூட்டல் இல்லாத பாடசாலையில் ஆண்டு வெப்பம் 1 பாகை பரனைற் கூடினால் அந்த ஆண்டின் கற்றலில் ஏறத்தாழ 1 சதவீதம் குறைகிறது என்றது. குறைவு கூடுதலாக விழுந்தது கறுப்பின, ஹிஸ்பானிக் பிள்ளைகள் மீது. யுனிசெப் கணக்குப்படி 2024இல் கடும் காலநிலையால் படிப்புக் குழம்பிய மாணவர்கள் குறைந்தது 24 கோடி 20 இலட்சம். அதில் முதலாவது காரணம் வெப்ப அலை. தமிழ்நாட்டில் 2023இல் பள்ளி திறப்பது ஜூன் 1இலிருந்து 12 வரை தள்ளிப்போனதும், 2024இல் 6இலிருந்து 10க்குப் போனதும் இதனால்தான். எங்கட கல்வி அமைச்சும் 2024 தொடக்கத்தில் வெயிலில் விளையாட வைக்கவேண்டாம், தண்ணி குடிக்க வையுங்கோ என்று அறிவுறுத்தல் அனுப்பியது. மைதானத்துக்கு அறிவுறுத்தல் வந்தது. கூரைக்கு வரவில்லை.

ரொரன்ரோவில் இருக்கிற எங்கட ஊர்ச் சனத்துக்கு இது புதிதாக இருக்காது. அங்கே பாடசாலைச் சபையின் பெரும்பாலான கட்டடங்களில் முழுமையான ஏசி கிடையாது. ஜூனிலும் செப்ரெம்பரிலும் அங்கேயும் தாய்மார் முறையிடுகிறார்கள். பனிக்காலத்துக்காகக் கட்டிய கட்டடம் வெக்கையைப் பிடித்து வைத்திருக்கும். இதை அவர்களிடம் சொல்ல ஒரு காரணம் உண்டு. ஊர்ப் பள்ளிகளுக்கு வெளிநாட்டில் இருந்து வருகிற காசு சின்னக் காசில்லை. ஆனால் பழைய மாணவர் சங்கங்களின் காசு போகிற இடத்தைப் பார்த்தால் நுழைவாயில் வளைவு, மேடை, கல்வெட்டு, மார்பிள் பெயர்ப்பலகை. வளைவுக்குக் கீழே யாரும் ஆறு மணித்தியாலம் இருந்து படிப்பதில்லை. வெள்ளைப் பூச்சு பூசிய கூரையில் பெயர் எழுதினால் றோட்டில் போகிறவர்களுக்குத் தெரியாது, அதுதான் பிரச்சினையோ தெரியவில்லை.

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிக் கூரைகளுக்கு வெயிலைத் திருப்புகிற வெள்ளைப் பூச்சுப் பூசத் தொடங்கியிருக்கிறார்கள். அந்தப் பூச்சுக்கு மாதக் கரண்ட் பில் இல்லை. சீற்றுக்குக் கீழே ஒரு தட்டி, முகட்டில் சூடு வெளியேற ஒரு வழி, மேற்குச் சுவர்ப்பக்கம் இரண்டு வேம்பு, கடைசி இரண்டு பாடத்தையும் சித்திரை வைகாசியில் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளுவது. கூட்டத்தில் எழும்பிய அந்த அம்மா கேட்கக்கூடியது ஃபான் மட்டும் இல்லை. அடுத்த கட்டடத்துக்குக் கூரை எது என்று தீர்மானிக்கிற கடுதாசி பெற்றோர் கூட்டத்துக்கு வரவேணும் என்றும் கேட்கலாம். அது வலயத்தில் சரிவந்த பிறகுதான் இதுவரை ஊருக்குத் தெரிகிறது.

நாங்கள் இப்போது வல்வெட்டித்துறை, பொலிகண்டி, தொண்டைமானாறுப் பக்கப் பள்ளிகளின் பழைய படங்களைச் சேர்க்கிறோம். வகுப்புப் படம், விளையாட்டுப் போட்டிப் படம், பரிசளிப்பு விழாப் படம், எதுவானாலும். முகங்களுக்குப் பின்னால் கூரை தெரிந்தால் போதும். ஆண்டும் தெரிந்தால் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி அனுப்புங்கோ.