எங்கே தங்குவது, எங்கே சாப்பிடுவது, எதைப் பார்ப்பது? மதுரையில் மூன்று கேள்விகளின் வரலாறு

“ப்ரோ, சனிக்கிழமை காலைல மதுரை வர்றோம். ஞாயிறு ராத்திரி ட்ரெயின். எங்க தங்கலாம், எங்க சாப்பிடலாம், என்னென்ன பார்க்கலாம்? சொல்லுங்க.”

மதுரையில் இருக்கும் எவருக்கும் மாதத்துக்கு ஒருமுறையாவது இப்படி ஒரு செய்தி வந்துவிடும். எனக்கும் வரும். பதில் கைவசம் இருக்கிறது. டவுன் ஹால் ரோடு பக்கம் ரூம் போடுங்க, காலையில் கோயில், மதியம் மஹால், சாயங்காலம் ஜிகர்தண்டா, ராத்திரி கறிதோசை. வருகிறவரின் பட்ஜெட் என்ன, சைவமா அசைவமா என்று மட்டும் கேட்டுக்கொள்வேன்.

இந்த மூன்று கேள்விகளையும் இப்படிச் சாதாரணமாகக் கேட்க முடிவது மிகச் சமீபத்திய விஷயம். இந்த ஊரின் நீண்ட வரலாற்றில் பெரும்பகுதி, வந்தவர் எங்கே தங்குவார், யார் கையால் சாப்பிடுவார், எந்த வாசல்வரை போவார் என்பதையெல்லாம் அவருடைய பிறப்பே தீர்மானித்திருக்கிறது. அந்த வரலாற்றை இதே மூன்று கேள்விகளின் வரிசையில் சொல்லிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

கோவலனும் கண்ணகியும்

மதுரைக்குக் குறுகிய பயணமாக வந்தவர்களில் நமக்கு நன்றாகத் தெரிந்தவர்கள் அந்த இருவர்தான். சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில் இந்த மூன்று கேள்விகளும் வரிசை கட்டி வருகின்றன.

கோவலன் கண்ணகியைக் கவுந்தியடிகளின் பாதுகாப்பில் புறஞ்சேரியில் விட்டுவிட்டுத் தனியாக ஊர் பார்க்கப் போகிறான். அதற்கென்றே ‘ஊர்காண் காதை’ என்று ஒரு பகுதி இருக்கிறது. மணிகள் விற்கும் தெரு, துணி விற்கும் தெரு, கூலக்கடைத் தெரு, கணிகையர் வீதி எல்லாம் சுற்றிவிட்டுத் திரும்புகிறான். அடுத்து, தங்குமிடம். புறஞ்சேரி துறவிகளுக்கான இடம், இல்லறத்தார் அங்கே தங்கக் கூடாது, பொழுது சாய்வதற்குள் நகருக்குள் போய்விடுங்கள் என்கிறார் கவுந்தி. அந்த நேரத்தில் வரும் ஆயர்குலத்து மாதரியிடம் இருவரையும் அடைக்கலமாகக் கொடுக்கிறார். மூன்றாவது, சாப்பாடு. கோவலன் சாவக நோன்பி, அதாவது சமண இல்லறத்தான். ஆகவே மாதரி சமைத்துப் போடவில்லை. அரிசி, காய், பால் என்று பொருள்களைக் கொடுக்கிறாள். கண்ணகி தானே அரிந்து, தானே சமைத்து, வாழையிலையில் பரிமாறுகிறாள்.

புறஞ்சேரி இன்னாருக்கு மட்டும் என்பதையும், பச்சைப் பொருளை வாங்கலாம், சமைத்ததை வாங்குவதில்லை என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பலமுறை வரும். இன்னொன்றும் உண்டு. ஊர் பார்த்தவன் கோவலன் மட்டும்தான். கண்ணகி மதுரைத் தெருக்களில் நடந்தபோது அவள் கையில் ஒற்றைச் சிலம்பு இருந்தது.

சத்திரம்

மதுரை ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே மங்கம்மாள் சத்திரம். 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாளின் பெயர் தெற்கே போகும் சாலைகளோடும் சாலையோரச் சத்திரங்களோடும் தண்ணீர்ப் பந்தல்களோடும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தவறுதலாக இடது கையால் வெற்றிலையை வாயில் போட்டுவிட்டாராம், அதற்குப் பரிகாரமாகத்தான் இத்தனை தர்மமும் செய்தாராம். இது ஒரு வாய்வழிக் கதை. இன்னொரு கதை அவரது முடிவைப் பற்றியது. சொந்தப் பேரனின் ஆட்களால் சிறைவைக்கப்பட்டு, கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் சோறு வைக்கப்பட்டு, கைக்கு எட்டாமலேயே பட்டினியில் செத்தார் என்கிறது. உண்மையோ இல்லையோ, ஊருக்கெல்லாம் சத்திரம் கட்டியவளுக்கு மக்கள் கொடுத்த முடிவு பசி என்பது என்னை யோசிக்க வைக்கும்.

சத்திரங்கள் உள்ளே எப்படி நடந்தன? ராமேஸ்வரம் பாதையில் தஞ்சை மராட்டியர் நடத்திய சத்திரங்களைப் பற்றி இரண்டாம் சரபோஜி 1801இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதம் ஒன்று உண்டு. சத்திரங்களின் வருமானத்தில் கை வைத்துவிடாதீர்கள் என்று கெஞ்சாத குறையாகக் கேட்கும் கடிதம் அது. பிராமணர் முதல் பறையர் வரை எல்லா வழிப்போக்கர்களுக்கும் சோறு போடுகிறோம் என்கிறார். நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வரச்சொல்லிக் கூவுவார்களாம். படிக்கும்போது நெகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. அதே கடிதத்தில் இன்னொரு வரியும் இருக்கிறது. சமைத்த சோற்றை விரும்பாதவர்களுக்கு அரிசியும் மசாலாச் சாமான்களும் கொடுத்துவிடுவோம் என்கிறார். மாதரி வீட்டில் நோன்பு காரணமாக நடந்தது, இங்கே சத்திரத்தின் நடைமுறையாகவே ஆகிவிட்டது. பச்சரிசி எந்தக் கையிலிருந்தும் வரலாம். வெந்த சோறு அப்படி வரமுடியாது. எல்லாருக்கும் சோறு உண்டு என்றது கடிதம். எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள் என்று அது சொல்லவில்லை.

சத்திரத்தை நம்ப முடியாதவர்கள் தங்களுக்கென்று சொந்த ஏற்பாடு செய்துகொண்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், அருப்புக்கோட்டை போன்ற ஊர்களில் நாடார் வணிகர்கள் கட்டிய ‘பேட்டை’கள் அப்படிப்பட்டவை. சுற்றுச்சுவர், உள்ளே மாட்டுவண்டிகள் நிற்க இடம், சரக்குக்குக் காவல், ஆளுக்குத் தங்குமிடம். வழிப்பறிக்குப் பயந்து தொடங்கியது இது. இந்தப் பேட்டைகளில் வசூலான மகமைப் பணம் பிறகு பள்ளிக்கூடங்களாக ஆனது. காசியில் 1863 முதல் இயங்கும் நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரமும் இதே வகைதான். முன்பின் தெரியாத ஊருக்குப் போனால், அங்கே உன் சாதிக்காரன் கட்டிய கூரை இருக்கிறதா என்பதே முதல் கேள்வி.

இல்லையென்றால் என்ன ஆகும்? இளம் வயதில், 1904 வாக்கில், காசிக்குப் போன ஈ.வெ. ராமசாமிக்கு நடந்ததை அவரது வாழ்க்கை வரலாறுகள் எல்லாமே சொல்கின்றன. சத்திரத்தில் பிராமணர்களுக்கு மட்டும் சாப்பாடு. பூணூல் போட்டுக்கொண்டு நுழைந்தவரை மீசை காட்டிக்கொடுத்தது, வெளியே தள்ளப்பட்டார். பசி தாங்காமல் தெருவில் விழுந்த எச்சில் இலையிலிருந்து சாப்பிட்டார். அந்தச் சத்திரத்தைக் கட்டியவர் ஒரு திராவிட வணிகர் என்று பிறகு வாசலில் படித்துத் தெரிந்துகொண்டார்.

ரயில்

மதுரைக்கு ரயில் வந்தது 1875இல். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பு கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவர்களை இடித்து, அகழியைத் தூர்த்து, ஊரை விரித்திருந்தார். அந்த வேலையை மேற்பார்த்த பெருமாள் மேஸ்திரியும் மாரட்டும் தெருப்பெயர்களாக ஆகி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று மாதப் பெயர் கொண்ட வீதிகளுக்கும் வெளி வீதிக்கும் நடுவே நிற்கிறார்கள். ரயில் நிலையம் மேற்கே அமைந்ததால் லாட்ஜுகளும் மேற்கே குவிந்தன. இன்றைக்கும் நீங்கள் ரூம் போடும் மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியும் டவுன் ஹால் ரோடும் அந்தக் கணக்கில் வந்தவைதான்.

ரயில் எல்லாரையும் ஒரே பெட்டியில் ஏற்றியது. இறங்கியதும் பிரித்தது. தென்னிந்திய ரயில்வே வெளியிட்ட படங்களுடன் கூடிய வழிகாட்டி நூல், இன்றைய பயணச் செயலிகளுக்குத் தாத்தா. ஒவ்வொரு நிலையத்தின் கீழும் தங்குமிடம், வண்டி வசதி, பார்க்க வேண்டியவை என்று தனித்தனித் தலைப்புகள். ஐரோப்பியர்களுக்கு டிராவலர்ஸ் பங்களா. இந்தியர்களுக்குச் சத்திரம், அதிலும் எந்தச் சத்திரத்தில் எந்தச் சாதியினர் தங்கலாம் என்ற குறிப்பு. ரயில் எத்தனை மணிக்கு, மாட்டுவண்டி எங்கே கிடைக்கும் என்பவற்றின் வரிசையில், அதே தொனியில், அதுவும் ஒரு பயணத் தகவல். எந்த வெறுப்பும் இல்லாமல் அச்சாகியிருக்கிறது என்பதுதான் அதில் அச்சமூட்டுவது.

சாப்பாடு

நிலையங்களின் சிற்றுண்டிச் சாலைகளிலும் பிராமணருக்குத் தனி, மற்றவருக்குத் தனி. பல ஆண்டுகள் தொடர்ந்த எதிர்ப்புக்குப் பிறகு 1941இல்தான் ரயில்வே அந்தப் பாகுபாட்டைக் கைவிட்டது.

ஊருக்குள் வந்த காபி கிளப்புகள் ஒரு புதுமை. வீட்டுக்கு வெளியே, காசு கொடுத்து, அறிமுகமில்லாதவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது என்பதே அன்று பெரிய உடைப்பு. அந்தக் கூச்சத்தைப் போக்கத்தான் சமைப்பவர் யார் என்று பெயர்ப்பலகையிலேயே போட்டார்கள். ‘பிராமணாள்’ என்ற சொல் ஒருவகைத் தர முத்திரை மாதிரி வேலை செய்தது. யார் சமைத்தாலும் வெந்த சோறு சாப்பிடலாம் என்ற நிலைமை வர இன்னும் காலம் இருந்தது. அசைவம் வேண்டுமென்றால் ‘மிலிட்டரி ஹோட்டல்’.

இதற்கு மதுரைப் பக்கம் ஒரு பதில் உண்டு. திருமங்கலம் அருகே வடக்கம்பட்டி என்று ஒரு கிராமம். அங்கிருந்து 1930களில் கிளம்பியவர்கள் தங்கள் ஊர்க் காவல் தெய்வம் முனியாண்டியின் பெயரில் அசைவச் சாப்பாட்டுக் கடைகளைத் தொடங்கினார்கள். அதுவே ‘முனியாண்டி விலாஸ்’. தமிழ்நாடு முழுக்கப் பரவியது. ஆண்டுதோறும் அந்தக் கடைக்காரர்கள் ஊர் திரும்பி முனியாண்டிக்குத் திருவிழா எடுக்கிறார்கள். பிரசாதம் என்ன தெரியுமா? மட்டன் பிரியாணி. கறி தின்பதை ஒளிக்காமல் சாமி பெயரையே போர்டில் எழுதி வைத்த கடைகள், பிராமணாள் கபேக்களின் காலத்தில் முளைத்தவை என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த போர்டின் கனம் புரியும்.

1950இல் அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு உணவகங்கள், விடுதிகள், கேளிக்கை இடங்கள் என்று பட்டியல் போட்டே, சாதி, மதம், பாலினம், பிறந்த இடம் காரணமாக யாரையும் தடுக்கக்கூடாது என்றது. ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டத்தில் ஹோட்டல் என்ற சொல் வர வேண்டியிருந்தது என்றால், அதற்கு முன் ஹோட்டல் வாசல்களில் என்ன நடந்திருக்கும் என்று யூகித்துக்கொள்ளலாம். ஆனாலும் பலகைகள் உடனே இறங்கிவிடவில்லை. சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபேயின் ‘பிராமணாள்’ பலகைக்கு எதிராக 1957இல் பெரியார் தொடங்கிய மறியல் அடுத்த ஆண்டுவரை நீண்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். ஒற்றைச் சொல்லை நீக்க அவ்வளவு பேர் சிறைக்குப் போனார்கள்.

பார்ப்பது

மதுரைக்கு வந்துவிட்டு மீனாட்சி கோயிலைப் பார்க்காமல் திரும்பியவர்களில் முக்கியமானவர் காந்தி. 1921 செப்டம்பரில் மேலமாசி வீதி 251ஏ எண் வீட்டில் தங்கியபோதுதான் அவர் சட்டையைத் துறந்து அரையாடைக்கு மாறினார். அந்த வீடு இன்னும் இருக்கிறது, கீழே கதர்க் கடை. கோயிலுக்கு நடந்தே போய்விடலாம். 1934இல் ஹரிஜன யாத்திரையாக மறுபடி வந்தார், அப்போதும் உள்ளே போகவில்லை. தலித்துகள் போக முடியாத கோயிலுக்குத் தான் போவதில்லை என்று இருந்தார்.

1939 ஜூலை 8 அன்று வழக்கறிஞர் அ. வைத்தியநாத ஐயர் தலித்துகளையும் நாடார் ஒருவரையும் அழைத்துக்கொண்டு கோயிலுக்குள் நுழைந்தார். உள்ளே போனவர்களில் ஒருவர் தும்பைப்பட்டி கக்கன், பிற்காலத்தில் தமிழகத்தின் அமைச்சர். கோயில் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு துணை நின்றார். பட்டர்கள் பூஜையை நிறுத்தினார்கள். சனாதனத் தரப்பு தமிழ்ச் சங்கம் சாலையில் ஒரு பங்களாவில் தனியாக மீனாட்சியை வைத்து வழிபட்டது. நுழைய அனுமதித்தவர்கள் மேல் வழக்குப் பாயாமலிருக்க ராஜாஜி அரசு முதலில் அவசரச் சட்டமும், பிறகு சட்டமும் கொண்டுவந்தது. அந்தச் சட்டத்தின் பெயரிலேயே ஆலயப் பிரவேச அனுமதியோடு ‘பாதுகாப்பு’ என்பதும் சேர்ந்திருந்தது. 1946 பிப்ரவரியில் காந்தி மறுபடி வந்தார். அந்த முறைதான் உள்ளே போனார். முதலில் கோயிலருகே தங்கியதற்கும் உள்ளே போனதற்கும் நடுவில் 24 ஆண்டுகளுக்கும் மேல்.

இப்போது

இன்றைக்கு லாட்ஜில் சாதி கேட்பதில்லை. ஆதார் கேட்கிறார்கள். அதில் பெயர் இருக்கிறது, அப்பா பெயர் இருக்கிறது. பெயரைப் பார்த்ததும் முகம் மாறுவதும், கல்யாணமாகாத ஜோடி என்றதும் “ரூம் இல்ல தம்பி” என்பதும் பலருக்கும் தெரிந்த அனுபவங்கள். வாடகை வீட்டு போர்டுகளில் ‘சைவம் மட்டும்’ என்ற இரண்டு சொற்கள் எத்தனையோ சொற்களுக்குப் பதிலாக நிற்கின்றன. ஊரைத் தாண்டிப் போனால், இரட்டைக் குவளையின் கதை நம் காலத்திலும் செய்தியாக வந்துகொண்டுதான் இருக்கிறது. கோயிலுக்குள் இந்துக்கள் அல்லாதவர்கள் ஓர் எல்லைக்கு அப்பால் போக முடியாது. உங்கள் குழுவில் அப்படி ஒரு நண்பர் இருந்தால், தூணைப் பார்த்துக்கொண்டு அவர் காத்திருக்க வேண்டும்.

ஆகவே ஒன்றரை நாளுக்கு வருகிறவர்களுக்கு என் பட்டியலில் சிலவற்றைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். கோயிலுக்குப் போகும் வழியில் மேலமாசி வீதியில் அந்த வீட்டின் முன் இரண்டு நிமிடம் நில்லுங்கள். தமுக்கத்தில் ராணி மங்கம்மாளின் பழைய அரண்மனை இப்போது காந்தி அருங்காட்சியகம், 1948 ஜனவரி 30 அன்று அவர் உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. நேரமிருந்தால் கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போய்வாருங்கள், கவுந்தியடிகளின் மதத்தை மதுரை எவ்வளவு தூரத்தில் வைத்திருக்கிறது என்று தெரியும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு எந்தக் கடை என்று நான் சொல்லப்போவதில்லை. பசிக்கும்போது எந்தக் கடை கண்ணில் படுகிறதோ, அதற்குள் போய் உட்காருங்கள். பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார், யார் சமைத்தார் என்று யாரும் உங்களிடம் சொல்லமாட்டார்கள், நீங்களும் கேட்கமாட்டீர்கள். பரோட்டாவுக்குச் சால்னா இன்னொரு கரண்டி வேண்டுமென்றால் மட்டும் கேளுங்கள், ஊற்றுவார்கள்.